முதலில் சம்பளம், பிறகு பாசம்

மகள், 84 நாள் பிரசவ விடுமுறையும் முடிந்து நீ மன்னார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் கடமைக்குப் போகப் போகிறாய். இரவுக் கடமையும் வரும். மருமகனுக்கோ கடல். குழந்தையைப் பார்க்க முருங்கன் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டோடு நிற்க வருகிறாள் என்று உன் அம்மா சொன்னாள். "காசு விஷயத்தை எப்படிப் பெரியம்மா ஒழுங்குபடுத்துறது?" என்று நீ தொலைபேசியில் கேட்டாய். அந்த நேரத்தில் சொல்லி முடிக்கக் கூடியதாக இருக்கவில்லை. பேசாலையில் என் வீட்டில் வேறு வேறு காலங்களில் மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரிடமும் நான் பிழை விட்டிருக்கிறேன். அவற்றைத்தான் எழுதுகிறேன். ஆறுதலாகப் படி.

1. "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று அவளைப் பற்றி யாரிடமும் சொல்லாதே. அந்தச் சொல் கேட்க இனிமையாக இருக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல வவுனியா, மன்னார்ப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறின. அப்படி வந்த ஒரு தகப்பன் அடுத்த வருடம் தன் மகளை என்னிடம் கொண்டுவந்து விட்டார். அவளுக்குப் பதினொரு வயது. "சாப்பாடு போட்டால் போதும் ரீச்சர்" என்றார். நாங்களே வளர்க்கிறோம், கலியாணமும் செய்து வைக்கிறோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். ஏழு வருடம் என் மூன்று பிள்ளைகளையும் தூக்கி வளர்த்தாள். 1985இல் கலியாணம் ஒழுங்காகிப் போகும்போது ஒரு சோடி தோடு, இரண்டு சேலை, கொஞ்சம் பாத்திரம் கொடுத்தனுப்பினேன். ஊரே என்னை மெச்சியது. பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படிப்பித்தவள். ஏழைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க ஒரு நாளும் என் கை போகவில்லை. வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளம் எதற்கு என்று பாசம் எனக்காக வாதாடியது. வீட்டுப் பிள்ளை என்றால் என் பிள்ளைகளோடு அவளும் பள்ளிக்குப் போயிருக்க வேண்டுமே. அதை அந்தப் பாசம் கேட்கவில்லை. நீ முதலில் சம்பளத்தைக் கொடு. பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அன்பு வை. அந்த ஒழுங்கு மாறினால் அன்புதான் கெட்டுப்போகும்.

2. வருகிறவளின் வயதைக் கடதாசியில் பார். பிறப்புச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை. 2021இல் இந்த நாட்டில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆகச் சட்டம் உயர்த்தியது. அதே வருடம் ஜூலையில் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை ஒன்று எரிகாயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சட்டம் என்ன சொன்னாலும் நான் சொல்வது 18. அதற்குக் குறைந்தவள் என்றால், எவ்வளவு கஷ்டமான குடும்பமாக இருந்தாலும், வேலைக்கு எடுக்காதே. உதவ மனமிருந்தால் அவளுடைய பள்ளிச் செலவைக் கொடு. பதினொரு வயதுக்காரியை நிற்க வைத்த நான் இதைச் சொல்லக் கூசுகிறேன். ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டும்.

3. எவ்வளவு கொடுப்பது? அக்கம்பக்கத்தில் விசாரிக்காதே. எல்லாரும் தாங்கள் கொடுக்கும் குறைந்த தொகையைத்தான் நியாயம் என்று சொல்வார்கள். அரசாங்கம் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளத்தை 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் ஆக்கியது. வீட்டு வேலைக்காரர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். உன் மனச்சாட்சிக்குள் வரட்டும். அதை அடித்தளமாக வைத்து, இரவில் குழந்தை எழுந்தால் தூக்கப் போகிறவள் யார் என்று யோசித்து, மேலே போ. "சாப்பாடும் படுக்கையும் தருகிறோமே" என்று அதில் கழிக்காதே. அவள் உன் வீட்டில் தூங்குவது உன் வசதிக்கு. இன்னொன்றும் உண்டு. கடையிலோ தொழிற்சாலையிலோ நின்றால் முதலாளி 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுவார். வீட்டில் நிற்பவளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 30,000 என்றால் 12 வீதம் 3,600 ரூபாய். சம்பளத்துக்கு மேலதிகமாக அதையும் மாதாமாதம் அவள் பெயரில் வங்கிப் புத்தகத்தில் போட உன்னால் முடியுமா பார். முடியாவிட்டால் முடிந்ததைப் போடு. ஒன்றுமே போடாமல் விடாதே.

4. ஒரு கொப்பி வாங்கு. முதல் பக்கத்தில் இரண்டு பேருமாக இருந்து எழுதுங்கள்: சம்பளம் எவ்வளவு, எத்தனையாம் திகதி, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, ஊருக்குப் போய்வர பஸ் காசு யாருடையது, சவர்க்காரம், எண்ணெய், மாதவிடாய்க்கான துணிகள், மருந்து, தொலைபேசிக்கு ரீலோட் யார் போடுவது. கடைசியாகச் சொன்னவற்றை வாயால் கேட்க எந்தப் பெண்ணும் கூசுவாள். அதனால் நீயே எழுதி, "இதெல்லாம் வீட்டுச் செலவு" என்று சொல்லிவிடு. எழுதினால் நம்பிக்கையில்லாத மாதிரி ஆகிவிடாதா என்று நினைப்பாய். என் பெறாமகள் ஒருத்தி ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் வீட்டில் குழந்தை பார்க்க வேறு நாட்டிலிருந்து ஒரு பெண் வந்து ஒரு வருடம் நின்றாள். "ஓ பேர்" என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்கு "சமமாக" என்று பொருளாம். அங்கே அதற்கு எழுத்து ஒப்பந்தம் உண்டு. மாதம் 280 யூரோ கைச்செலவு, வாரத்துக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, வருடத்தில் நான்கு வாரம் விடுமுறை, தனி அறை, காப்புறுதிக் காசு வீட்டுக்காரருடையது, மொழி படிக்கவும் மாதம் 70 யூரோ. 280 யூரோ அந்த நாட்டில் பெரிய காசில்லை. ஆனால் வருகிற பிள்ளைக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். எதையும் முகம் பார்த்துக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டிலும் வீட்டு வேலையாளைப் பற்றி 1871இல் ஒரு சட்டம் வந்தது. வேலையாளின் பெயரைப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று. கவனி, எழுதப்பட்டது அவளைப் பற்றி. நீ எழுதும் கொப்பியில் உன்னைப் பற்றியும் இருக்கட்டும்.

5. கேட்கும் முன் கொடு. இதை நான் வேலை கொடுத்துப் படிக்கவில்லை, வேலை செய்து படித்தேன். 1990இல் பிள்ளைகளோடு இரவில் படகேறி அக்கரைக்குப் போய் மண்டபம் முகாமில் இருந்தோம் அல்லவா, அப்போது இராமேஸ்வரத்தில் ஒரு வீட்டில் சட்டி பானை கழுவி, அவர்கள் குழந்தையைப் பார்த்தேன். நேற்றுவரை ரீச்சர் என்று கூப்பிடப்பட்டவளுக்கு, சம்பளம் கேட்க நாக்கு எழும்பாது. அந்த வீட்டு அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் விளக்கு வைக்க முன்னால் என்னைக் கூப்பிட்டு, என் உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைப்பார். ஒரு சனிக்கிழமை அவரிடம் காசில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடன் வாங்கி வந்து தந்தார். நாளைக்குத் தருகிறேன் என்றிருந்தால் நான் சரி என்றிருப்பேன். முகாமுக்குத் திரும்பும்போது ஒரு மாதிரி நிமிர்ந்து நடந்தேன். கூலியைப் பிந்த வைக்காதே என்று எங்கள் வேதாகமமும் சொல்கிறது, எருக்கலம்பிட்டியில் இருக்கும் என் முஸ்லிம் சிநேகிதியின் மார்க்கமும் சொல்கிறது. உனக்குச் சம்பளம் வங்கிக்கு வந்த அன்றே அவளுடையதை எடுத்து ஒரு கடித உறையில் போட்டு வை. மருமகனின் உழைப்பை நம்பி அதை வைக்காதே. வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் இறங்க விடாது. இறங்கினாலும் இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போன மாதம் என்ன செய்வாய்? கடல் உன்னிடம் கேட்கிற பொறுமையை நீ அவளிடம் கேட்கக் கூடாது.

6. காசு யாருடைய கையில் போகிறது என்று பார். வழக்கமாகத் தாயோ தமையனோ மாதக் கடைசியில் வந்து வாங்கிப் போவார்கள். என்னிடம் இரண்டாவதாக நின்ற பிள்ளைக்கு அப்படித்தான் கொடுத்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு, தனக்கு எவ்வளவு சம்பளம் என்று என்னிடமே கேட்டாள். வெட்கிப் போனேன். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது, தனக்கு எவ்வளவு வைப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். முழுவதையும் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றாலும் அது அவள் முடிவு. உன் புத்திமதி தேவையில்லை.

7. வீட்டுச் செலவுக்கு ஒரு தனிப் பை வை. நான் ஆக நொந்த விஷயம் இது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். யுத்த நிறுத்தக் காலம். அந்த இரண்டாவது பிள்ளைதான் அப்போது நின்றாள். நான் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது மீன் வாங்க என்று நூறு ரூபாயைக் குசினி மேசையில் பேணிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். மீன்காரர் சைக்கிளில் வருவார். காற்று எழும்பி மீன் விலை ஏறியது. நான் நூறு ரூபாயை மாற்றவில்லை. ஆனாலும் நாள் தவறாமல் குழம்புச் சட்டியில் அதே அளவு மீன் கிடந்தது. எவ்வளவு கெட்டிக்காரி, பேரம் பேசுகிறாள் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மீன்காரர் சொன்னார்: "உங்கட பிள்ளை நாணயமானவள் ரீச்சர். குறைகிற காசைத் தன்ர காசில தந்திடுவாள்." வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏன் சொல்லவில்லை? தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டால் கணக்குக் காட்டச் சொல்லுவீங்கள் எண்டு பயமா இருந்தது" என்றாள். முந்திய மாதம் தேங்காய் விலையில் பத்து ரூபாய் இடிக்கிறது என்று அவளை நிறுத்தி வைத்து விசாரித்திருந்தேன். எனக்கு மறந்துபோன விஷயம். பத்து ரூபாய்க்கு நான் காட்டிய கண்டிப்புக்கு அவள் எத்தனை நூறு கட்டினாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஆகவே, பையில் தேவைக்கு மேல் காசு இருக்கட்டும். பாதி குறைந்தவுடன் நிரப்பு. சின்னக் கொப்பியில் அவள் எழுதட்டும், எழுதத் தெரியாவிட்டால் மாலையில் சொல்ல நீ எழுது. மீனுக்கும் மரக்கறிக்கும் துண்டு கேட்காதே. பத்து, இருபது இடித்தால் இடிக்கட்டும். சந்தைக்குப் போய்வந்தால் உன் கணக்கும் இடிக்கும். நகையையும் அடைவுத் துண்டுகளையும் பெரிய காசையும் மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டு. அவளை நம்பாமல் பூட்டவில்லை. ஏதாவது காணாமல் போகும் நாளில், உறவினர் கண்களெல்லாம் முதலில் அவள் பக்கம்தான் திரும்பும். அந்தக் கண்களிலிருந்து அவளைக் காக்கும் பூட்டு அது. இதை அவளிடம் இப்படியே சொல்லிவிடு.

8. முற்பணம் கேட்பாள். எரிச்சல்படாதே, ஏன் என்று கேள். யுத்தம் முடிந்த பிறகு வன்னியிலும் எங்கள் மாவட்டத்திலும் நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாக வந்ததை நீ கண்டிருக்கிறாய். குழுவாகப் பெண்களைச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று வாரக் கட்டணம் அறவிட்டார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது போனது. என்னிடம் கடைசியாக நின்றவள் யுத்தத்தில் கணவனை இழந்தவள். புதன்கிழமை வந்தால் அவளுக்குக் கை நடுங்கும். அன்றுதான் அவளுடைய குழுவில் காசு சேர்க்கும் நாள். கொடுக்க முடிந்தால் கொடு. வட்டி வேண்டாம். மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று அவள் தாங்கும் அளவில் கழி. அதையும் கொப்பியில் எழுதி ஒவ்வொரு மாதமும் மீதியைக் காட்டு. கடன் முடிய முன் அவள் போக விரும்பினால் போக விடு. காசு உனக்கு வராமல் போகலாம். கடனைக் காட்டி ஒரு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தி வைப்பதை விட அது நல்லது. உனக்கே இல்லாதபோது இல்லை என்று நேராகச் சொல். இல்லாததை இருப்பது போலக் காட்டி இழுத்தடிப்பது பெரிய கொடுமை.

9. விலை ஏறும்போது சம்பளமும் ஏற வேண்டும். கடைசியாக நின்ற அந்தப் பெண் என்னிடம் 2019இல் வந்தபோது 15,000 ரூபாய் என்று பேசினோம். பிறகு 2022 வந்தது. முந்திய வருடம் 1,493 ரூபாய் விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாயானது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. நான் பென்சன்காரி, எனக்கும் பயம். "எல்லாருக்கும் கஷ்டம்தானே" என்று சொல்லிச் சொல்லி எட்டு மாதம் அதே 15,000 ரூபாயைக் கொடுத்தேன். அவள் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு நாள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு பழைய பாயில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. காகத்துக்கா என்று கேட்டேன். இல்லை, தன் இரவுச் சாப்பாட்டில் பாதியை எடுத்துக் காயவைத்து, ஊருக்குப் போகும்போது மகனுக்குக் கொண்டுபோகிறாளாம். இடித்துக் கஞ்சி வைக்கலாமாம். என் வீட்டுச் சோற்றுப் பானையில் சோறு இருந்தது, மகள். கேட்டிருந்தால் அரிசியே கொடுத்திருப்பேன். கேட்க வைத்ததும், கேட்க முடியாமல் வைத்ததும் நான்தான். அன்றிரவு சம்பளத்தைக் கூட்டினேன். பிந்திப் போய்க் கூட்டினேன்.

நீ இப்படிச் செய். கொப்பியின் முதல் பக்கத்தில் சம்பளத்துக்குப் பக்கத்தில் அன்றைய அரிசி, தேங்காய், பருப்பு, பால்மா, அவளுடைய ஊருக்கான பஸ் கட்டணம், இந்த ஐந்தின் விலையையும் எழுது. ஜனவரியிலும் ஜூலையிலும் திரும்ப எடுத்துப் பார். ஐந்தும் ஏறியிருந்தால் நீயே ஏற்று. உனக்குச் சம்பளம் கூடாத வருடமாக இருந்தாலும் உன் செலவில் எதைக் குறைக்கலாம் என்று முதலில் பார்.

10. சின்னச் சின்ன விஷயங்கள். கோப்பை உடைந்தால் சம்பளத்தில் பிடிக்காதே, உன் கையாலும் உடையும். பெருநாளுக்குக் கொடுக்கும் உடுப்பு சம்பளத்தில் சேராது. மடுத் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 15க்குப் போக வேண்டும் என்றால் சம்பளத்தோடு விடு, அவள் சைவக்காரி என்றால் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்கு விடு. பழைய சேலையைக் கொடுப்பதென்றால் அவளுக்கு வேண்டுமா என்று கேட்டுக் கொடு. நீ சாப்பிடும் பாரை மீனில் அவளுக்கும் நடுத்துண்டு. விருந்தாளிகள் முன்னால் அவளுக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று பேசாதே, கூடக் கொடுத்தாலும் பேசாதே. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பும் காசைப் பற்றிச் சத்தமாகக் கதைத்துவிட்டு அவளிடம் வந்து "இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம்" என்று சொல்லாதே.

11. அவள் போகும் நாளில் கணக்கை முடித்துக் கொடு. மீதிச் சம்பளம், வங்கிப் புத்தகம், எடுக்காத விடுமுறைக்கான காசு. எவ்வளவு கோபத்தில் பிரிந்தாலும் இது பாக்கி இருக்கக் கூடாது. ஏனென்றால் பாக்கி முதுமையில் வந்து எழுப்பும். என்னை எழுப்பியது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் பேசாலையில் ஏறி முருங்கனில் இறங்கினேன். அந்த முதல் பிள்ளை அங்கே ஒரு குடியேற்றத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவளே பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். என் காப்பு இரண்டை விற்ற காசு கையில் இருந்தது. ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொண்டு போனேன்: ஏழு வருடம், 84 மாதம், மாதத்துக்கு 2,000 வீதம் 1,68,000 ரூபாய். நியாயமான தொகை என்று நான் அதைச் சொல்லவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று சொன்னேன்.

அவள் அழவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காசை மகளிடம் எண்ணக் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கினாள். வாசிக்கத் தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். நான் படிப்பித்ததல்ல, கடையில் பழகியது. விரலை 84இல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"எண்பத்தஞ்சு ரீச்சர்" என்றாள். "கலியாணத்துக்கு முந்தின மாசமும் உங்க வீட்லதான் இருந்தேன்."

கைப்பையைத் திறந்து இன்னும் 2,000 ரூபாயை எடுத்து வைத்தேன்.